சந்தைக்கு வரும் முன்: புதிய வேதிப்பொருளைச் சோதிக்கும் வழக்கம் உருவான வரலாறு

புதிதாகக் கண்டுபிடித்த ஒரு தொழில்துறை வேதிப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே, அது மனிதருக்கும் நீருக்கும் நிலத்துக்கும் என்ன செய்யும் என்று சோதித்து அரசிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி உலகில் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே ஆகின்றன. மருந்துகளுக்கு இத்தகைய விதி அதற்கு முன்பே இருந்தது. சாயம், கரைப்பான், பசை, பிளாஸ்டிக்கில் கலக்கும் பொருள், மின்மாற்றியில் ஊற்றும் எண்ணெய் போன்றவற்றைக் கேட்பார் இல்லை. தயாரித்தவர் விற்றார், வாங்கியவர் பயன்படுத்தினார். தீங்கு தெரிந்தால், அது நிரூபிக்கப்பட்ட பிறகு அரசு தலையிட்டது.

இன்று ஒரு புதிய வேதிப்பொருளுக்காகத் தயாராகும் கோப்பில் சில கேள்விகள் தவறாமல் இடம்பெறுகின்றன. எவ்வளவு உட்கொண்டால் உயிர் போகும்? தோலையும் கண்ணையும் பாதிக்குமா? மரபணுவை மாற்றுமா? ஆற்று நீரில் மக்குமா? மீனின் உடலில் சேருமா? இந்தக் கேள்விகள் வெவ்வேறு காலத்தில், பெரும்பாலும் ஏதோ ஒரு பொருள் ஏற்படுத்திய தீங்குக்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பில் ஏறியவை.

தீக்குச்சியும் தாடையும்

1830களில் ஐரோப்பாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி பரவியது. எந்தச் சொரசொரப்பான பரப்பில் உரசினாலும் பற்றிக்கொண்டதால் அதற்கு நல்ல வரவேற்பு. சில ஆண்டுகளிலேயே தீப்பெட்டித் தொழிலாளர்களிடம் ஒரு புது நோய் தென்பட்டது. பல்வலியில் தொடங்கி, ஈறு வீங்கிச் சீழ் பிடித்து, தாடை எலும்பே செத்துப்போகும். 1845இல் வியன்னா மருத்துவர் லோரின்சர் இந்த நோயைப் பாஸ்பரஸ் ஆவியோடு தொடர்புபடுத்தி எழுதினார். தீங்கு குறைந்த சிவப்புப் பாஸ்பரஸும் அதே பத்தாண்டிலேயே அறிமுகமாகிவிட்டது.

நோயும் தெரியும், மாற்றுப் பொருளும் உண்டு. ஆனாலும் பல நாடுகள் சேர்ந்து வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்யும் உடன்படிக்கை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தாக 1906 ஆகிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. கல்கத்தா சென்று தொழில் பயின்று வந்த இரு இளைஞர்கள் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கியது 1923இல்தான் என்பதால், சிவகாசித் தீப்பெட்டித் தொழில் பிறந்ததே இந்தத் தடைக்குப் பிறகுதான்.

தொழிற்சாலைக்குள் தொழிலாளிக்கு வரும் நோயை மருத்துவர் கண்டு சொல்லலாம். அதற்கு நேரமாகும், சட்டம் வர இன்னும் நேரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு விட்டுச்சென்ற அனுபவம் இது.

ஈயம் கலந்த பெட்ரோல்

பொருள் பரவும் முன்பே அதன் பாதுகாப்பைப் பற்றிப் பொதுவில் வாதாடிய முதல் பெரிய நிகழ்வு அமெரிக்காவில் நடந்தது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு பெட்ரோலில் கலந்தால் எஞ்சினில் தட்டும் ஓசை நின்றுவிடுவதைக் கண்டார். 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அந்தப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஈயம் நஞ்சு என்பது பழங்காலம் தொட்டுத் தெரிந்த செய்தி. விற்பனையைத் தடுக்க அது போதவில்லை.

1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் மனம் பேதலித்து வீழ்ந்தனர். ஐந்து பேர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அதே மாநிலத்தின் டீப்வாட்டர் ஆலையில், இல்லாத பூச்சிகளைக் காற்றில் கைவீசிப் பிடிக்க முயன்ற தொழிலாளர்களைப் பார்த்து, ஆலைக் கட்டடத்துக்கு ‘வண்ணத்துப்பூச்சி வீடு’ என்ற பெயரே விழுந்தது. பேவே சாவுகளுக்குச் சில நாள் கழித்து மிட்ஜ்லி செய்தியாளர்கள் முன் அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிடம் முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டு ஈய நஞ்சால் நோயுற்று அவரே ஓய்வெடுத்திருந்தார்.

1925 மே மாதம் 20ஆம் தேதி அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைமை மருத்துவர் வாஷிங்டனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழில்சார் நோய்களில் தேர்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனும், யேல் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் யாண்டெல் ஹெண்டர்சனும் எதிர்த்துப் பேசினர். ஆலைக்குள் நிகழும் சாவைவிட, தெருவில் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளின் புகையில் மெல்ல மெல்லச் சேரும் ஈயமே ஆபத்து என்பது ஹெண்டர்சனின் வாதம். தீங்கு நேர்ந்ததற்குச் சான்று இல்லாதவரை ஒரு பயனுள்ள பொருளைக் கைவிட முடியாது என்றது தொழில்துறை.

மாநாடு அமைத்த குழு ஏழு மாதங்களில் 252 பேரைச் சோதித்தது. அவர்கள் வண்டியோட்டிகளும் பணிமனைத் தொழிலாளர்களும். தடைசெய்யப் போதிய காரணம் இல்லை என்று 1926 ஜனவரியில் குழு முடிவு சொன்னது. அதே அறிக்கை, குறுகிய கால ஆய்வில் தெரியாத நோய் பின்னால் தலைகாட்டலாம், ஆகவே ஆய்வைத் தொடர வேண்டும் என்றும் எழுதியது. அரசு அதைத் தொடரவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் இது குறித்த ஆய்வு பெரும்பாலும் தொழில்துறையின் பணத்திலேயே நடந்தது. அமெரிக்கா சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோலை முற்றிலும் நிறுத்தியது 1996இல். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது; 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈய பெட்ரோல் நின்றது.

நஞ்சுக்கு அளவு

இதே காலத்தில் நச்சியல் தனக்கான அளவுகோல்களை உருவாக்கிக்கொண்டது. 1927இல் பிரிட்டனின் டிரெவன், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவையே ஒரு பொருளின் நச்சு வலிமைக்கு அடையாளமாகக் கொள்ளலாம் என்றார். விலங்குக்கு விலங்கு தாங்கும் திறன் மாறுபடுவதால், ‘பாதி’ என்ற புள்ளியே நம்பத்தக்கதாக இருந்தது. பல பத்தாண்டுகள் கோப்பின் முதல் பக்கத்தில் இந்த எண்ணே நின்றது. ஏராளமான எலிகள் இதற்காகச் செத்தன. குறைந்த விலங்குகளோடு செய்யும் முறைகள் வந்தபின், 2002இல் பழைய முறை பன்னாட்டு வழிகாட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது.

எலிக்குத் தீங்கு செய்யாத அளவிலிருந்து மனிதருக்கான அளவைக் கணிப்பது எப்படி? 1954இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் லேமனும் ஃபிட்ஸ்ஹூவும் ஓர் எளிய வழியை முன்வைத்தனர்: நூறால் வகுக்க வேண்டும். பின்னாளில் இதற்குத் தரப்பட்ட விளக்கம், விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்குப் பத்து, மனிதருக்குள்ளேயே குழந்தை, முதியவர், நோயாளி என்ற வேறுபாட்டுக்கு இன்னொரு பத்து என்பது. எலிக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்றால், மனிதருக்குக் கிலோவுக்கு அரை மில்லிகிராம். இயற்கை விதி எதிலிருந்தும் வந்த எண் அல்ல இந்த நூறு. எச்சரிக்கைக்காக ஒப்புக்கொண்ட வழக்கம். இன்றும் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆற்றில் நுரை

அதுவரை கேட்ட கேள்விகள் அனைத்தும் உடலைப் பற்றியவை. ஆற்றைப் பற்றிய கேள்வியைக் கொண்டுவந்தது சலவைத்தூள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோப்பின் இடத்தைப் பிடித்த செயற்கைச் சலவைப் பொருளின் மூலக்கூற்றில் கரிமச் சங்கிலி கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. நீரிலும் மண்ணிலும் உள்ள பாக்டீரியாக்களால் அந்தக் கிளைகளை எளிதில் உடைக்க முடியவில்லை. 1950களில் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் அணைகளுக்குக் கீழே நுரை மலையாய்க் குவிந்தது.

மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் இயற்றி, 1964 முதல் சலவைப் பொருளில் குறைந்தது 80 விழுக்காடாவது மக்க வேண்டும் என்று வரையறுத்தது. ஆலைகள் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறின, நுரை அடங்கியது. மூலக்கூற்றின் வடிவத்தை மாற்றினால் சுற்றுச்சூழல் தீங்கும் மாறும் என்பதைத் தொழில்துறை இதில்தான் தெளிவாகக் கண்டது. ‘மக்குமா?’ என்ற கேள்வி கோப்பில் ஏறியது.

தவிட்டெண்ணெய்

1968இன் தொடக்கத்தில் மேற்கு ஜப்பானில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவை மடிந்தன. அவற்றின் தீவனத்தில், தவிட்டெண்ணெய் தயாரிப்பில் துணைப்பொருளாகக் கிடைத்த கருநிற எண்ணெய் கலந்திருந்தது. தீவனத்தோடு விசாரணை நின்றது. அதே ஆலையின் சமையல் எண்ணெய் கடைகளில் விற்றுக்கொண்டே இருந்தது.

அக்டோபரில்தான் மனித நோய் செய்தித்தாளில் வெளியானது. முகத்திலும் முதுகிலும் பரு வெடித்து, நகமும் ஈறும் கறுத்து, இமையில் பீளை வடிய மக்கள் மருத்துவமனைகளுக்கு வந்தனர். நோயுற்ற தாய்மார் சிலருக்குத் தோல் கறுத்த குழந்தைகள் பிறந்தன. ஏறத்தாழ 14,000 பேர் பாதிப்பு என்று முறையிட்டனர். கியூஷு பல்கலைக்கழக ஆய்வுக் குழு காரணத்தைக் கண்டறிந்தது. எண்ணெயின் வாடையை நீக்க அதைச் சூடாக்கும் குழாய்ச் சுருளுக்குள் வெப்பம் கடத்தும் திரவமாகப் பிசிபி என்ற வேதிப்பொருள் ஓடியது. குழாயிலிருந்து கசிந்து எண்ணெயில் கலந்திருந்தது. சூட்டில் அது மாறி உண்டான டைபென்சோஃபியூரான்களே நோய்க்கு முதன்மைக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது.

பாலிகுளோரினேற்றிய பைஃபீனைல்கள் என்பதன் சுருக்கமான பிசிபி, 1929 முதல் வணிக அளவில் தயாரிக்கப்பட்ட பொருள். எரியாது, அமிலத்தில் கரையாது, எத்தனை ஆண்டு சூடேற்றினாலும் எளிதில் சிதையாது என்பதே அதன் பெருமை. 1966இல் ஸ்வீடன் வேதியியலாளர் சோரன் யென்சன், டிடிடி பூச்சிக்கொல்லியைத் தேடிய மாதிரிகளில் பிசிபியைக் கண்டார்: மீன்களில், கழுகில், தம் குடும்பத்தார் தலைமுடியிலும். ஆலையில் எந்தக் குணத்துக்காக அதை வாங்கினார்களோ, அந்தக் குணமே அதை ஆற்றிலும் உடலிலும் அழியாமல் வைத்திருந்தது.

1973: முதல் முன்சோதனைச் சட்டம்

1973 அக்டோபரில் ஜப்பான் வேதிப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை வெளியிட்டது. அடுத்த ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. புதிய தொழில்துறை வேதிப்பொருளைத் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் முன்பே அரசு பரிசீலிக்க வேண்டும் என்று கேட்ட முதல் பொதுச் சட்டம் இது. கேள்விகள் மூன்று: மக்குமா, உயிரினத்தில் சேருமா, நீண்ட காலத்தில் மனிதருக்குத் தீங்கு செய்யுமா? மூன்று குணமும் சேர்ந்திருந்தால் தயாரிப்பு ஏறத்தாழத் தடைதான். அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றது பிசிபி.

மக்கும் சோதனையின் செய்முறை எளியது. நாட்டின் பத்து இடங்களில் கழிவுநீர் நிலையம், ஆறு, ஏரி, கடற்கரை ஆகியவற்றிலிருந்து கசடையும் நீரையும் எடுத்துக் கலந்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து வைப்பார்கள். மூடிய குடுவையில் அந்தக் கலவையோடு சோதனைப் பொருளைச் சேர்த்து 28 நாள் குலுக்கிக்கொண்டே இருப்பார்கள். நுண்ணுயிர்கள் பொருளை உண்டால் ஆக்சிஜன் குறையும். குறைந்த ஆக்சிஜனை அளந்தால் எவ்வளவு உண்டன என்று தெரியும். எதிர்பார்க்கும் அளவில் 60 விழுக்காட்டை எட்டினால் எளிதில் மக்கும் பொருள். எட்டாதவை மீன் தொட்டிக்குப் போகும். சிறிதளவு பொருள் கலந்த நீரில் கெண்டை மீன்களைப் பல வாரங்கள் விட்டுவைத்து, நீரில் உள்ளதைப்போல எத்தனை மடங்கு மீனின் உடலில் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. ஆற்றையும் மீனையும் அது மனித உடலுக்குச் செல்லும் வழியாகவே பார்த்தது. விலங்குக்கும் தாவரத்துக்கும் நேரும் தீங்கைத் தனிக் கேள்வியாகச் சேர்த்தது 2003ஆம் ஆண்டுத் திருத்தம்.

1974இல் இன்னும் இரு செய்திகள் வந்தன. பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு, கென்டக்கியில் ஓர் ஆலைத் தொழிலாளர்களுக்கு அரிய வகைக் கல்லீரல் புற்றுநோயைத் தந்திருப்பது ஜனவரியில் வெளியானது. அன்று குளிர்பதனப் பெட்டிகளில் நிரப்பப்பட்ட குளோரோஃபுளூரோ கார்பன்கள் மேல்வளி மண்டலத்தில் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் ஜூனில் எழுதினர். இவற்றைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தவரும் மிட்ஜ்லிதான். 1930இல் அந்த வாயுவை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்து, நஞ்சும் இல்லை நெருப்பும் இல்லை என்று காட்டினார். காட்டியது உண்மைதான். வானத்தைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

புற்றுநோய்க் கேள்விக்கு எலிகளை வைத்து இரண்டு ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது. கலிபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் 1973இல் இரண்டே நாளில் முடியும் ஒரு முன்சோதனையைத் தந்தார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே உண்டாக்க முடியாத சால்மொனெல்லா பாக்டீரியாவை, ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் சோதனைப் பொருளோடு பரப்ப வேண்டும். பொருள் மரபணுவை மாற்றினால், சில பாக்டீரியாக்கள் இழந்த திறனைத் திரும்பப் பெற்றுப் புள்ளி புள்ளியாக வளரும். உடலுக்குள் போனபின் நஞ்சாக மாறும் பொருளையும் பிடிக்க, எலிக் கல்லீரல் சாறும் சேர்க்கப்பட்டது.

புதியது எது?

அமெரிக்காவின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1976 அக்டோபரில் கையெழுத்தானது. தயாரிப்பைத் தொடங்க 90 நாளுக்கு முன் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றது. ஐரோப்பிய சமூகம் 1979 செப்டம்பரில் தன் பழைய ஆணையைத் திருத்தி, 1981 செப்டம்பர் 18 முதல் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது.

இரண்டுக்கும் இடையே அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. ஐரோப்பா ஒரு குறைந்தபட்சச் சோதனைத் தொகுப்பைக் கேட்டது. அமெரிக்கா, கையில் இருக்கும் தரவைக் கொடுத்தால் போதும் என்றது; பெரும்பாலான அறிவிப்புகள் நச்சுச் சோதனை எதுவும் இல்லாமலேயே வந்தன. ஆகவே அமெரிக்க அதிகாரிகள், புதிய மூலக்கூற்றின் வடிவத்தை ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறுகளோடு ஒப்பிட்டு அதன் குணத்தைக் கணிக்கும் கலையை வளர்த்தனர். இதற்கு உதவிய ஒரு சிறு சோதனை: ஒரு குப்பியில் நீரும் ஆக்டனால் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள ஆல்கஹாலும் இரண்டு அடுக்காக நிற்கும், பொருளைப் போட்டுக் குலுக்கினால் அது எந்த அடுக்கில் அதிகம் சேர்கிறது என்று தெரியும். ஆக்டனாலை நாடும் பொருள், மீனின் கொழுப்பையும் நாடக்கூடும்.

இரு சட்டங்களுக்கும் பொதுவான அம்சம் பட்டியல். குறித்த நாளுக்கு முன் சந்தையில் இருந்தவை ‘பழையவை’. பட்டியலில் இல்லாதவை ‘புதியவை’. அமெரிக்கப் பட்டியலில் சுமார் 62,000 பொருள்களும் ஐரோப்பியப் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமானவையும் இடம்பெற்றன. பழையவற்றை எந்தச் சோதனையும் இல்லாமல் தொடர்ந்து விற்கலாம். மேலும் பாதுகாப்பான புதுப் பொருளை உருவாக்கியவர் பணம் செலவழித்துச் சோதிக்க வேண்டியிருக்க, சோதிக்கப்படாத பழைய பொருள் மலிவாகவே விற்றது.

சோதனைக்கே சோதனை

சோதனை அறிக்கையே பொய்யாக இருந்தால்? இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது இல்லினாய் மாநிலத்தின் இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் ஆய்வுக்கூடம். 1976இல் உணவு மருந்து நிர்வாகத்தின் நோய்க்குறியியல் வல்லுநர் ஒருவர் அதன் எலிச் சோதனைத் தாள்களைப் படித்தபோது முடிவுகள் ஐயத்துக்கிடமாக நேர்த்தியாக இருந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், குடிநீர்க் கருவி ஒழுகி எப்போதும் நனைந்து கிடந்த விலங்குக் கூடத்துக்கு ஊழியர்களே ‘சதுப்பு’ என்று பெயர் வைத்திருந்தனர். ஆய்வேடுகளில் அடிக்கடி ஒரு குறிப்பு வந்தது: அறுத்துப் பார்க்க முடியாத அளவுக்கு எலி அழுகிவிட்டது என்பது அதன் பொருள். 1983இல் அந்நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் மோசடிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

இதிலிருந்து ‘நல்ல ஆய்வக நடைமுறை’ விதிகள் பிறந்தன. எந்த எலிக்கு எந்த நாள் எவ்வளவு கொடுத்தார்கள், எடை போட்டது யார், தராசு எப்போது சரிபார்க்கப்பட்டது என்பது வரை பதிவு வேண்டும். ஆய்வில் தொடர்பில்லாத ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும். 1981 மே மாதம் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு, பொதுவான சோதனை முறையில் இந்த நடைமுறையோடு ஒரு நாட்டில் எடுத்த தரவை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஒரே சோதனைக்காக நாட்டுக்கு நாடு விலங்குகளைக் கொல்வது குறைந்தது.

இந்தியா இந்த ஏற்பாட்டில் 2011 மார்ச்சில் முழுப் பங்காளியானது. இந்திய ஆய்வுக்கூடங்களில் எடுத்த தரவுகள் இன்று ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் செல்லும். ஆனால் புதிய தொழில்துறை வேதிப்பொருளை முன்கூட்டி அறிவிக்கச் சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. போபால் விபத்துக்குப் பின் வந்த 1989ஆம் ஆண்டு விதிகள் ஆபத்தான பொருள்களைக் கையாள்வதையும் சேமிப்பதையும் பற்றியவை.

தேதி அழிந்தபின்

பழையது, புதியது என்ற பாகுபாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007 ஜூனில் ரீச் ஒழுங்குமுறையால் நீக்கியது. ஆண்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் எந்தப் பொருளானாலும், பாதுகாப்புக்கான தரவைத் தருவது நிறுவனத்தின் கடமை. தரவு இல்லையேல் சந்தையும் இல்லை. பழைய பொருள்களைப் பதிவு செய்ய 2010, 2013, 2018 என மூன்று கெடு வைக்கப்பட்டது. அமெரிக்காவும் 2016 ஜூன் திருத்தத்தில், 90 நாள் கடந்தால் அமைதியே அனுமதி என்ற நிலையை மாற்றியது. அரசு ஒவ்வொரு புதிய பொருளைப் பற்றியும் வெளிப்படையாக ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

எனினும் மூலக்கூற்றைச் சோதிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதை ஜென்-எக்ஸ் காட்டியது. ஒட்டாத பாத்திரங்களுக்கான புளூரின் பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற அழியாப் பொருளுக்கு மாற்றாக வந்தது இது. 2009இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதைப் புதிய வேதிப்பொருளாகப் பரிசீலித்து, தயாரிப்பில் வெளியேறுவதில் 99 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. 2017இல் வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றிலும், அந்நீரைக் குடிக்கும் வில்மிங்டன் நகரின் குழாய்களிலும் அது இருப்பது பொதுவில் தெரிந்தது. ஆற்றோரத்து ஆலையில் வேறொரு தயாரிப்பின் துணைப்பொருளாக 1980 முதலே அது உண்டாகி ஆற்றில் கலந்துவந்திருந்தது. நிபந்தனை, விற்பனைக்காகத் தயாரித்ததற்கு மட்டுமே பொருந்தியது; துணைப்பொருளாக வழிந்ததற்குப் பொருந்தவில்லை. சட்டத்தின் கண்ணில் 2009இல் பிறந்த பொருள், ஆற்றுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பழையது.